ஆறு கடைகளும் ஓய்வெடுத்த நாள்

ஆறு விளக்குகளும் பச்சையாக இருந்தால்தான் எனக்குக் காலைக் காபி தொண்டைக்குள் இறங்கும். ஒன்று சிவப்பாக இருந்துவிட்டால் போச்சு, டம்ளரை அப்படியே வைத்துவிட்டு போனை எடுத்துவிடுவேன். என் வீட்டுக்காரர் இதை வியாதி என்கிறார். நான் வருகைப் பதிவு என்கிறேன். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தவளுக்கு வேறு எப்படித் தோன்றும்?

பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு நான் சேர்ந்தது ஒரு ஹார்டுவேர் வியாபாரக் குடும்பத்திடம். பெயிண்ட், பைப், ஆணி, தாழ்ப்பாள், தண்ணீர்த் தொட்டி என்று வீடு கட்டுகிறவனுக்கு வேண்டியதெல்லாம் கிடைக்கும். தாம்பரம், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம், கோவிலம்பாக்கம், குரோம்பேட்டை என்று ஐந்து கடைகள். கேட்டும் கிரில்லும் செய்கிற பட்டறை ஒன்று திருமுடிவாக்கத்தில். பட்டறையையும் கடை என்றே சொல்லிப் பழகிவிட்டதால் எங்களுக்கு ஆறு கடை. முதலாளியை எல்லோரும் பாய் என்று கூப்பிடுவார்கள், நானும்தான். அவர் என்னை டீச்சரம்மா என்பார். கடையில் இருக்கிறவர்கள் டீச்சர் என்பார்கள். பாடம் எடுப்பதை நிறுத்தியும் அந்தப் பட்டம் என்னை விட்டுப் போகவில்லை.

சேர்ந்தபோது எனக்கு பில் போடும் வேலைதான். கடைகளின் கண்காணிப்புக் கேமரா வேலை என் பக்கம் வந்தது ஒரு சண்டையால். கோவிலம்பாக்கத்தில் ஒரு வாடிக்கையாளர், தான் வாங்கிய குழாய்களில் இரண்டைக் கடை ஆட்கள் வண்டியில் ஏற்றவே இல்லை என்று சத்தம் போட்டார். ஏற்றினோமா இல்லையா என்று பார்க்க பாய் காரை எடுத்துக்கொண்டு கோவிலம்பாக்கம் போனார். அங்கே போய்ப் பார்த்தால் கேமராப் பதிவு இருக்கும் பெட்டியைத் திறக்கிற பாஸ்வேர்டு யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வரை உட்கார்ந்துவிட்டு, இரண்டு குழாயை இலவசமாகக் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, தெரியாத்தனமாக வாயைத் திறந்தேன்: "பாய், ஆறு கடையையும் ஒரே எடத்துல உக்காந்து பாக்கலாமே!"

விஷயம் இதுதான். ஒவ்வொரு கடையிலும் பத்துப் பன்னிரண்டு கேமரா. அவை பார்ப்பதையெல்லாம் இரவு பகலாகப் பதிந்து வைக்க, கடைக்கு ஒரு கறுப்புப் பெட்டி. ரெக்கார்டிங் சர்வர் என்று அதற்குப் பெரிய பெயர். ஆறு பெட்டிக்கும் ஆறு பாஸ்வேர்டு, ஆறு விதமான அமைப்பு. ஒரு கடையில் பதினைந்து நாள் பதிவு இருக்கும், இன்னொன்றில் மூன்றே நாள். குரோம்பேட்டையில் ஒரு கேமராவுக்கு "டீ" என்று பெயர் வைத்திருந்தார்கள். எதிர்ச்சாரியில் உள்ள டீக்கடையில் கூட்டம் குறைந்துவிட்டதா என்று உள்ளிருந்தே பார்த்துக்கொள்வதற்காம். மேடவாக்கத்துப் பாஸ்வேர்டு, வேலையை விட்டுப் போய் சொந்த ஊரில் பரோட்டாக் கடை போட்டிருந்த ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். போன் செய்தால், "மாவு பெசஞ்சினு கீறேன் டீச்சர், கைய கழுவிட்டு சொல்றேன்" என்று அரை மணி நேரம் காக்க வைத்தார்.

நான்கு மாதம் ஸ்கூட்டரில் அலைந்தேன். கேம்ப் ரோட்டில் எங்கள் அலுவலகத்தின் பின்பக்கம் ஓர் அறை, பழைய டைல்ஸ் மாதிரிகள் குவிந்து கிடந்தது. அதைக் காலி செய்து கொடுத்தார்கள். அங்கே ஆறு பெட்டிகளையும் ஆட்டி வைக்கிற மைய சர்வர் ஒன்று, சுவரில் பெரிய டிவி, ஒரு மேசை, நான். டிவி ஓரத்தில் கடைக்கு ஒரு விளக்கு: அந்தப் பெட்டியோடு தொடர்பு இருந்தால் பச்சை, அறுந்தால் சிவப்பு. ஆறு கடைக்கும் ஒரே பெயர்முறை, பதிவை இத்தனை நாள் வைத்திருக்க வேண்டும் என்று ஒரே கணக்கு, எந்தக் கேமராவை யார் பார்க்கலாம் என்று ஒரே சட்டம். முன்பு ஒரு சின்ன மாற்றத்துக்கு ஆறு இடம் போகவேண்டியிருந்தது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து ஒரு முறை அழுத்தினால் ஆறும் கேட்டுக்கொள்ளும். ஒரே சமயத்தில் ஆறு வகுப்பு வாயை மூடி உட்கார்ந்தால் ஒரு வாத்தியாருக்கு என்ன சந்தோஷம் வருமோ, அது எனக்கு வந்தது. "டீ" கேமராவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அந்த அளவுக்கு நான் கொடுமைக்காரி இல்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பாயின் மகன் வியாபாரத்துக்குள் வந்தார். நாங்கள் அவரைச் சின்னவர் என்போம். மரியாதையான பிள்ளை, குரலை உயர்த்தியதே கிடையாது. அதுதான் எனக்குப் பயம். கத்துகிறவர்களை என்னால் சமாளிக்க முடியும்.

"டீச்சர், நீங்க நல்லாதான் பண்றீங்க. ஆனா நீங்க ஒரே ஆள். வெளிய ஒரு கம்பெனி இருக்கு, அவங்ககிட்ட இருபது பேர் இருக்காங்க. மொத்தத்தையும் அவங்களே பார்த்துப்பாங்க," என்றார் சின்னவர்.

பாய் இரண்டு பக்கமும் பார்த்தார். கடைசியில் அவர் பாணியில் ஒரு தீர்ப்பு சொன்னார். முப்பது நாள். ஆறு கடையிலும் ஒரு நிமிடம்கூடப் பதிவு விட்டுப்போகக் கூடாது. போகாவிட்டால் அறையும் வேலையும் எனக்கு. போனால் எல்லாம் அந்தக் கம்பெனிக்கு, நான் மறுபடி தாம்பரம் கடையில் பில் போட வேண்டும். நியாயமாகத்தான் இருந்தது. சம்பளம்கூட அதேதான். ஆனால் எனக்கு அந்த அறை வேண்டும். நாற்பத்தெட்டு வயதில், யாரும் சொல்லிக் கொடுக்காமல், நானே தட்டுத் தடுமாறி உண்டாக்கிய ஒரே சமாச்சாரம் அது. அதை இன்னொருவரிடம் தூக்கிக் கொடுத்துவிட்டு கல்லாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார என்னால் முடியாது என்று அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது.

ஒரு நீள நோட்டில் முப்பது வரிசையும் ஆறு கட்டமும் போட்டேன். காலையில் டிக், மாலையில் டிக். மின்சாரம் போனால் தாக்குப்பிடிக்க எல்லாப் பெட்டிக்கும் புது பேட்டரி. எலி கடிக்காமல் இருக்க வயருக்கெல்லாம் பைப் உறை. ஹார்டுவேர் கடையில் பைப்புக்கா பஞ்சம்? மேடவாக்கத்தில் மழைத் தண்ணீர் வருமென்று பெட்டியை மேல் தட்டுக்கு ஏற்றினேன். ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு பல்லி கேமரா முன்னால் குடும்பம் நடத்தியது, அதற்கும் ஒரு வழி செய்தேன். பதினோராம் நாள் தாம்பரம் கடையில் மெயின் பியூஸ் போனது. பேட்டரி தீர ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் வந்தது. அதற்குள் எனக்குத் தெரிந்த ஜெபம் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டேன்.

இருபத்தெட்டு நாள், நூற்றறுபத்தெட்டுக் கட்டம், எல்லாம் டிக். இன்னும் இரண்டே நாள் பாக்கி.

இருபத்தொன்பதாம் நாள் ஆயுத பூஜை.

எனக்குத் தெரியாமல் இல்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம் என்றாலும், அக்கம்பக்கத்துப் பொரி கடலையில் வளர்ந்தவள் நான். அன்று காலை வரும்போது ரோட்டோரம் பூசணிக்காயும் வாழைக்கன்றும் மாவிலையும் மலையாகக் குவிந்திருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். கடைகளில் பூஜை போடுவார்கள், சாயங்காலம் பொரி வரும், அவ்வளவுதான் என் மனதில் இருந்தது. மின்சாரம், மழை, எலி, பல்லி என்று யோசித்தவளுக்கு சரஸ்வதி பக்கமிருந்து ஆபத்து வருமென்று தோன்றவில்லை.

பத்து மணி வாக்கில் ராஜகீழ்ப்பாக்கம் சிவப்பானது. போன் செய்தேன், மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை. இன்டர்நெட்டாக இருக்கும், பெட்டி உள்ளுக்குள் பதிந்துகொண்டுதான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அரை மணி கழித்து மேடவாக்கம் சிவப்பு. அங்கேயும் யாரும் எடுக்கவில்லை. அடுத்து கோவிலம்பாக்கம். மூன்று கடையும் ஒரே பாதையில், அதே வரிசையில் இருக்கின்றன. ஆக, யாரோ ஒருவன் வேளச்சேரி ரோட்டில் வந்து, மேடவாக்கத்தில் திரும்பி, கடை கடையாக அணைத்துக்கொண்டே போகிறான். மூன்று கடையிலும் போனை எடுக்க விடாமல் வேறு செய்திருக்கிறான்! ஆளைக் கட்டிப் போட்டிருப்பானோ?

பாய்க்குப் போட்டேன். அவருடைய டிரைவர் எடுத்தார். பின்னால் ஒரே மணிச் சத்தம்.

"பாய் உள்ள கீறாரு டீச்சர். போனு வண்டில சார்ஜ்ல கீது. ஒண்ணுமே கேக்கல, அப்பால பேச சொல்றேன்," என்று வைத்துவிட்டார்.

அடுத்து போலீசுக்கா, சின்னவருக்கா என்று யோசித்தேன். உண்மையைச் சொல்கிறேன், போலீசுக்குச் சொல்வதுகூட எனக்குச் சுலபமாகப் பட்டது. அப்படி போனைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது ராஜகீழ்ப்பாக்கம் திரும்பப் பச்சையானது. பாய்ந்து போய், அணைவதற்கு முந்தைய கடைசி நிமிடத்தை ஓட்டிப் பார்த்தேன்.

கடை முழுக்க மாவிலை. தராசுக்கு மாலை, பைப் வெட்டும் மெஷினுக்குச் சந்தனம். எல்லோரும் கைகூப்பி நிற்கிறார்கள். ஓரமாக, வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக, கையில் பொரிப் பையோடு பாய். வருடா வருடம் பொரியும் பழமும் அவர் செலவு, ஒவ்வொரு கடைக்கும் அவரே நேரில் கொண்டுபோய்க் கொடுப்பார். பூஜையின்போது ஓரமாக நின்றுகொள்வார். சுற்றும் முற்றும் பார்க்கிறார். ஏதோ கண்ணில் படுகிறது. மேல் தட்டைப் பார்த்து விரலை நீட்டி என்னவோ சொல்கிறார். ஒருவர் ஸ்டூல் போட்டு ஏறுகிறார், பெட்டிக்குப் பின்னால் கையை விடுகிறார். அப்புறம் இருட்டு.

கட்டிப்போட்ட ஆளும் இல்லை, கடப்பாரையும் இல்லை. முப்பது நாள் கெடு வைத்த மனிதரே, ஊர் ஊராகப் போய் என் பெட்டிகளுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அதை விடக் கேவலம், நடுவில் சிரிப்பும் வந்தது.

அடுத்து அவர் போகப்போவது குரோம்பேட்டை. அங்கே பொறுப்பில் இருக்கும் அக்காவைப் பிடித்தேன். "அக்கா, எல்லாத்தையும் அணைங்க, அந்தக் கறுப்புப் பெட்டிய மட்டும் விட்டுடுங்க."

"இன்னா டீச்சர் இப்டி பேசறீங்க? தராசுக்கு ரெஸ்ட்டு, மெஷினுக்கு ரெஸ்ட்டு, அது மட்டும் இன்னா பாவம் பண்ணிச்சு? வருஷம் பூரா கண்ணு மூடாம ஒழைக்குது. அய்ய, பாய் வண்டி வந்துட்ச்சு, வெச்சிர்றேன்!"

வைத்துவிட்டார். பத்தாவது நிமிடம் குரோம்பேட்டை சிவப்பு.

இதற்குள் மேடவாக்கம் பச்சைக்கு வந்திருந்தது, ஆனால் வாசல் கேமராவில் வெறும் மஞ்சள் மூட்டம். கேமராக் கண்ணாடிக்கு நடுவில் சந்தனத்தைப் பூசி, அதற்கு நடுவில் குங்குமமும் வைத்திருந்தார்கள். துடையுங்கள் என்றேன். வைத்த பொட்டை அன்றைக்கே துடைப்பதா என்று பதறினார்கள். கடைசியில், கண்ணாடியில் இருப்பதை மெல்ல மேலே நகர்த்தி கேமராவின் நெற்றிக்குக் கொண்டுபோவது என்று ஒப்பந்தமானது.

திருமுடிவாக்கத்தில்தான் நான் மொத்தமாகத் தோற்றேன். பட்டறை மேஸ்திரியிடம் பேசும்போது அங்கே பூஜை முடிந்துவிட்டிருந்தது.

"சீக்கிரம் ஆன் பண்ணிடுங்க மேஸ்திரி," என்றேன்.

"கடக்காரங்க மாரி ஒரு மணி நேரத்துல ஆன் பண்றதெல்லாம் பட்டறைல கெடையாது டீச்சர். கும்புட்டு வெச்ச சாமான நாளைக்கு விஜயதசமி காலைலதான் தொடுவோம். லேத்து, வெல்டிங் மெஷினு, ட்ரில்லு, உங்க டப்பா, எல்லாத்துக்கும் ஒரே சட்டம்தான்."

"திருட்டு போனா என்ன பண்ணுவீங்க?"

"நானே இங்கதான் படுக்கப்போறேன். என்னவிட கேமரா நல்லா பாத்துருமா?"

வகுப்பறைக் குரலை எடுத்தேன். அது அந்த மனிதரிடம் செல்லவில்லை. கடைசியாகத் தாம்பரமும் சிவப்பாகி, பிறகு பச்சையாகி, அன்றைய வேலை முடிந்தபோது ஆறு கட்டத்திலும் டிக் போட முடியாமல் பேனாவை மூடி வைத்தேன்.

அறிக்கையில் தேதியை மாற்றி, இருபத்தெட்டாம் நாளோடு கெடு முடிந்ததாகக் காட்டிவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது. அந்தச் சாவி என் கையில்தான் இருக்கிறது. ஆனால் பதினாறு வருடத்தில் ஒரு பிள்ளைக்கும் மார்க்கைத் திருத்திப் போட்டதில்லை, எனக்கே போட்டுக்கொள்ளக் கை வரவில்லை. ஆறு கடைகளின் கடைசி நிமிடங்களையும் வரிசையாகப் பார்த்தேன். ஆறிலும் பாய், ஆறிலும் பொரிப் பை. அப்போதுதான் ஒன்று உறைத்தது. ஆறு இடத்துக்கும் போனவர், நடுவில் இரண்டு முறை கேம்ப் ரோட்டைத் தாண்டித்தான் போயிருக்கிறார். என் அறைக்கு வரவில்லை. பொரியும் வரவில்லை. அறை போகப்போகிறதே என்று அதுவரை வராத அழுகை, பொரி வரவில்லை என்றதும் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நன்றாகவே அழுதேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு அப்பாவும் மகனும் வந்தார்கள். சின்னவர் அறிக்கையை முழுவதும் படித்தார். அவர் சந்தோஷப்படவில்லை, அதையும் சொல்ல வேண்டும்.

"ஆறு கடையிலயும் கேப் இருக்கு அத்தா. திருமுடிவாக்கத்துல கிட்டத்தட்ட ஒரு நாள் முழுக்க," என்றார்.

பாய் நெற்றியைச் சுருக்கினார். "எப்படி டீச்சரம்மா? நேத்து நானே எல்லாக் கடைக்கும் போயிருந்தேனே, எல்லாம் நல்லாத்தானே இருந்துச்சு!"

டிவியை ஆறாகப் பிரித்து, ஆறு கடைகளின் கடைசி நிமிடத்தையும் ஒன்றாக ஓட விட்டேன். ஆறு கட்டத்தில் ஆறு பாய். ஆறு பேரும் தலையைத் திருப்பினார்கள், ஆறு பேரும் விரலை நீட்டினார்கள், ஆறும் இருண்டது.

முதலில் தோள் குலுங்கியது சின்னவருக்குத்தான்.

"யா அல்லா, நானா?" என்றார் பாய். "அந்த டப்பாவா? நான் ஏதோ ஸ்டெபிலைசர்னுல்ல நெனச்சேன்! அது பாட்டுக்கு மேல உக்காந்து மினுக்கு மினுக்குனு கண்ணடிச்சிட்டிருந்துச்சு. எல்லாத்துக்கும் ரெஸ்ட் குடுக்கறீங்க, இத மட்டும் ஏம்ப்பா விட்டீங்கன்னு கேட்டேன்."

சிரித்து முடித்துவிட்டு சின்னவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனால் விஷயத்தை விடவில்லை. "கேப் வந்தது டீச்சரால இல்ல, ஒத்துக்கறேன். ஆனா என் பயமே வேற. ஆறு கடையோட குடுமியும் இந்த ஒரு மெஷின் கைல இருக்கு. நாளைக்கு இது படுத்துட்டா? ஆறும் சேர்ந்து படுத்துடும் இல்லயா?"

"படுக்காது," என்றேன். "ஹெட்மிஸ்ட்ரஸ் லீவு போட்டா ஸ்கூல மூடிடுவாங்களா சார்? அந்தந்த க்ளாஸ்ல பாடம் நடந்துக்கிட்டுதான் இருக்கும். இது அணைஞ்சா நான் பாக்க முடியாது, அவ்ளோதான். கடைல பதியறது நிக்காது."

"டெஸ்ட் பண்ணியிருக்கீங்களா?"

ஆரம்பத்தில் இரண்டு கடையை மட்டும் வைத்து ஒரு முறை அணைத்துப் பார்த்திருக்கிறேன். ஆறையும் சேர்த்த பிறகு மைய சர்வரை அணைத்ததே இல்லை. தைரியம் வரவில்லை. அதை அப்படியே சொன்னேன்.

பாய் இன்னும் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார். கட்டங்களை விரல் விட்டு எண்ணினார். "ஆறுதானே இருக்கு. இந்த ரூமுக்கு நேத்து யாரு பூஜை போட்டா?"

"யாரும் போடல பாய்."

"பொரி?"

நான் மேசை மேலிருந்த நோட்டை எடுத்து வேறு பக்கம் வைத்தேன். அந்த மனிதர் என்னைப் பார்த்தார், உடனே பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "போன வருஷம் இந்த ரூமே இல்லம்மா. பழைய கணக்குலயே சுத்திட்டு வந்துட்டேன். இது நம்ம ஏழாவது கடை, எனக்குத் தோணல. தப்பு என்னுதுதான்," என்றார். பிறகு கதவைத் திறந்து டிரைவரைக் கூப்பிட்டார்.

காரில் மீதியிருந்த சந்தனம், குங்குமம், பாதி வாடிய ஒரு முழம் சாமந்தி, ஒரு பை பொரி எல்லாம் வந்தது. டிரைவர் மேசைக்கு அடியில் குனிந்து மைய சர்வரை முன்னும் பின்னும் பார்த்தார்.

"இதுக்கு மூஞ்சி எந்தப் பக்கம் டீச்சர்? பொட்டு எங்க வெக்கறது?"

விளக்கு எரிகிற பக்கம்தான் முகம் என்று நானும், ஒயர் போகிற பக்கம்தான் முகம் என்று சின்னவரும் சொன்னோம். டிரைவர் இரண்டு பக்கமும் வைத்துவிட்டார். சூடம் ஏற்றுவதற்கு முன் நிமிர்ந்து, "ஆஃப் பண்ணணுமே!" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சின்னவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "அணைங்க டீச்சர். அரை மணி நேரம். அப்புறம் பாத்துடுவோம்," என்றார்.

நான் சொன்னது தவறாக இருந்தால், ஆறு கடையிலும் அரை மணி நேரப் பதிவு காணாமல் போகும், அத்தோடு நானும். அணைத்தேன். டிவி கறுத்தது, மின்விசிறியின் சத்தம் மட்டும் பாக்கி. டிரைவர் சூடம் காட்டினார். பாயும் சின்னவரும் ஒரு ஓரமாகவும், நான் இன்னொரு ஓரமாகவும் நின்றோம்.

அரை மணி நேரம் இவ்வளவு நீளம் என்று எனக்கு முன்பு தெரியாது. பாய் பொரிப் பையைப் பிரித்து நடுவில் வைத்தார். சின்னவரால் உட்கார முடியவில்லை. கறுத்த டிவியைப் பார்ப்பார், மணியைப் பார்ப்பார். கடைசியில் கோவிலம்பாக்கத்துக்கு போன் செய்து, "அங்க பெட்டி எரியுதா? எத்தன லைட்டு? மினுக்குதா?" என்று கேட்டார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, "இல்ல, இல்ல, அணைக்காதீங்க, சும்மா கேட்டேன்!" என்று அலறினார். பாய் பொரி புரையேறும்வரை சிரித்தார். எனக்கு ஒரு பொரிகூட உள்ளே போகவில்லை.

நேரம் முடிந்தது. சுவிட்சைப் போட்டேன். சர்வர் நிதானமாக எழுந்தது. முதலில் ஆறும் சிவப்பு. பிறகு தாம்பரம், ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை. மேடவாக்கமும் கோவிலம்பாக்கமும் சேர்ந்தாற்போல வந்தன. திருமுடிவாக்கம் மட்டும் சிவப்பிலேயே நின்றது. மேஸ்திரி காலையில் முதல் வேலையாக அதைப் போட்டதை நானே பார்த்திருந்தேன். மறுபடி அவருக்கு ஏதாவது சட்டம் ஞாபகம் வந்துவிட்டதா என்று நினைக்கும்போது அதுவும் பச்சையானது.

சின்னவர் என்னைத் தொட விடவில்லை. மவுஸைத் தானே வாங்கிக்கொண்டு, ஒவ்வொரு கடையாகத் திறந்து, நாங்கள் இருட்டில் உட்கார்ந்திருந்த அரை மணி நேரத்தை ஓட்டிப் பார்த்தார். குரோம்பேட்டையில் அந்த அக்கா தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார். திருமுடிவாக்கத்தில் மேஸ்திரி வெல்டிங் மெஷினைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வேலையைத் தொடங்கினார். கோவிலம்பாக்கத்தில் ஒருவர் ஸ்டூல் மேல் நின்று, போனைக் காதில் வைத்தபடி, பெட்டியில் எத்தனை விளக்கு என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு நொடிகூட எங்கேயும் விட்டுப்போகவில்லை. ஆறையும் பார்த்து முடித்த பிறகு, முதல் கடையிலிருந்து இன்னொரு முறை பார்த்தார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

பிறகு மவுஸை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். கதவுக்குப் போனவர் திரும்பி நின்றார்.

"டீச்சர், அடுத்த வருஷம் பூஜைக்கு நீங்க ஒரு டைம் டேபிள் போட்டுடுங்க. எந்தக் கடை எப்ப அணைக்கணும், எப்ப போடணும், எல்லாம். ஒரே நேரத்துல ரெண்டு கடை அணையக்கூடாது. முக்கியமா, அத்தாகிட்ட ஒரு காப்பி குடுத்துடுங்க."

"அடுத்த வருஷமா சார்?" என்றேன்.

"ஆமா. ஏன், நீங்க எங்கயாவது போறீங்களா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன். பாய் பொரிப் பையை என் முன்னால் நகர்த்தி வைத்தார். ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.